6.6 கேவி மோட்டாரைக் கழற்றுவதும் திரும்ப இணைப்பதும்: பர்மிட் வாங்குவதிலிருந்து ஓட்டிப் பார்ப்பது வரை

பிரேக்கர் ஆஃப். பேனலில் பச்சை விளக்கு எரிகிறது, அம்மீட்டர் பூஜ்யத்தில் நிற்கிறது. இதை மட்டும் பார்த்துவிட்டு "லைன் செத்துடுச்சு, பாக்ஸைத் திற" என்று குரல் கொடுப்பவர்தான் இந்த வேலையில் பயப்பட வேண்டிய ஆள். அந்த நேரத்தில் என்னவெல்லாம் உயிரோடு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். பிரேக்கர் திறந்ததும் மோட்டாரின் ஸ்பேஸ் ஹீட்டருக்கு 240 வோல்ட் தானாகவே வந்திருக்கும். மோட்டார் நிற்கும்போது ஈரம் ஏறக் கூடாது என்பதற்காக அப்படித்தான் வயரிங் செய்வார்கள். கேபிளில் சார்ஜ் தேங்கியிருக்கலாம். டாம்பர் சரியாக மூடாத ஃபேனாக இருந்தால் எதிர்க்காற்றில் ரோட்டர் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். பிரேக்கரின் பஸ்பார் (எல்லாப் பேனலுக்கும் பொதுவான மின்பட்டை) பக்கத்தில் 6600 வோல்ட் அப்படியே நிற்கிறது. பிரேக்கரின் வேக்குவம் பாட்டிலுக்குள் (காற்று நீக்கிய மூடிய குடுவை) கான்டாக்ட் உண்மையிலேயே பிரிந்ததா என்று கண்ணால் பார்க்க வழியும் இல்லை.

அனல்மின் நிலையம், சிமெண்ட் ஆலை, காகித ஆலை போன்ற இடங்களில் ஃபேன், பம்ப், மில் ஓட்டும் பெரிய மோட்டார்களை வைத்து இங்கே விளக்குகிறோம். எடுத்துக்காட்டுக்கு 1000 கிலோவாட், 6.6 கேவி (கிலோவோல்ட், அதாவது 6600 வோல்ட்) மோட்டார் ஒன்று. விசிபி (வேக்குவம் சர்க்யூட் பிரேக்கர்) பேனலிலிருந்து 3 கோர், 240 சதுர மி.மீ. அலுமினிய எக்ஸ்எல்பிஇ (ஒரு வகை பிளாஸ்டிக் இன்சுலேஷன்) கேபிள் வருகிறது. முழு லோடில் இந்த மோட்டார் எடுப்பது சுமார் 105 ஆம்பியர்தான். பிறகு எதற்கு இவ்வளவு தடிமன்? ஷார்ட் சர்க்யூட்டுக்காக. இந்த வகைக் கேபிள் ஒரு சதுர மி.மீ.க்கு 94 ஆம்பியர் வீதம் ஒரு நொடி தாங்கும். 240க்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 22.5 கிலோ ஆம்பியர். அந்தப் பேனலில் தவறு நடந்தால் எவ்வளவு வேகமாகச் சக்தி வெளியே பாயும் என்பதை கேபிளின் தடிமனே சொல்லிவிடுகிறது.

3.3 கேவி, 11 கேவி மோட்டார்களுக்கும் வேலையின் வரிசை இதேதான். இடைவெளிகளும், டெஸ்ட் வோல்ட்டேஜும், கையுறை வகுப்பும் மாறும்.

யார் தொடலாம்

பழைய இந்திய மின்சார விதிகள் 1956 வகுத்த கணக்கில் 650 வோல்ட்டுக்கு மேல் 33 கேவி வரை உயர் அழுத்தம். சர்வதேசத் தரங்களில் 1000 வோல்ட்டுக்கு மேல். 415 வோல்ட்டில் இருபது வருடம் வேலை பார்த்த கை என்பது இங்கே தகுதி ஆகாது. 415 வோல்ட் கற்றுக்கொடுக்கும் சில பழக்கங்கள், உதாரணமாக டெஸ்டரை வைத்துத் தொட்டுப் பார்ப்பது, 6.6 கேவியில் ஆளைக் கொல்லும். உரிய சான்றிதழும், இந்த வோல்ட்டேஜில் பயிற்சியும், நிர்வாகம் எழுத்தில் கொடுத்த அதிகாரமும் உள்ளவர் மட்டுமே ஸ்விட்சிங் செய்யலாம். குறைந்தது இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் செய்ய, ஒருவர் ஸ்விட்சிங் வரிசை எழுதிய சீட்டை வாசித்துச் சரிபார்க்க. இரண்டாவது ஆளுக்குச் செயற்கை சுவாசமும் நெஞ்சழுத்தமும் கொடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

முந்தைய நாள் முடிக்க வேண்டியவை

சிங்கிள் லைன் வரைபடத்தை எடுத்துக்கொண்டு பேனல் அறைக்குப் போங்கள். ஃபீடர் (மோட்டாருக்குச் சப்ளை தரும் பேனல்) எண்ணை முன்பக்கம் மட்டும் பார்த்தால் போதாது, பின்பக்கமும் போய்ப் பாருங்கள். முன்னால் இடமிருந்து ஏழாவது பேனல், பின்னால் போய் நின்றால் வலமிருந்து ஏழாவது. பின்கவரில் எண் எழுதாத ஸ்விட்ச்போர்டில், இடமிருந்தே எண்ணிக்கொண்டு போய்ப் பக்கத்துப் பேனலைத் திறந்துவிடுவது இந்தத் தொழிலில் பழைய விபத்து. எண் இல்லையென்றால் முதல் வேலை எண் எழுதுவது.

அடுத்து, மோட்டாரோடும் அதன் பிரேக்கரோடும் தொடர்புள்ள ஒவ்வொரு ஒயரையும் பட்டியல் போடுங்கள். மெயின் கேபிளைத் தவிர வழக்கமாக இவை இருக்கும்:

- ஸ்பேஸ் ஹீட்டர், 240 வோல்ட். இதன் சப்ளை பெரும்பாலும் வேறு போர்டிலிருந்து வரும்.
- வைண்டிங் ஆர்டிடி (சூட்டை அளக்கும் சென்சார்), பெரும்பாலும் ஆறு. பேரிங் ஆர்டிடி இரண்டு.
- டிஃபரன்ஷியல் பாதுகாப்பு (வைண்டிங்கின் இரு முனைக் கரண்டையும் ஒப்பிடும் ரிலே) இருந்தால், நியூட்ரல் பாக்ஸில் மூன்று சிடி (கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்).
- லோக்கல் புஷ் பட்டன் ஸ்டேஷன், வைப்ரேஷன் புரோப்.
- பேரிங்குக்கு எண்ணெய் தள்ளும் 415 வோல்ட் சின்ன மோட்டார்.
- டெர்மினல் பாக்ஸிலோ அருகிலோ சர்ஜ் கெப்பாசிட்டர், பவர் ஃபேக்டர் கெப்பாசிட்டர்.
- பிரேக்கரின் கன்ட்ரோல் டிசி, 110 அல்லது 220 வோல்ட்.

இந்தப் பட்டியல்தான் நாளைக்கு நீங்கள் போடப்போகும் பூட்டுகளின் பட்டியல். மோட்டார் திரும்பி வரும்போது மறுஇணைப்பைச் சரிபார்க்கும் பட்டியலும் இதுவே. கழற்றும்போது எழுதாததை இணைக்கும்போது யாராலும் நினைவுக்குக் கொண்டுவர முடியாது. மோட்டார் ரீவைண்டிங்குக்குப் போய் ஒன்றரை மாதம் கழித்து வரும், அன்றைக்கு ஷிஃப்டில் வேறு ஆட்கள் இருப்பார்கள்.

கருவிகளில் கவனிக்க வேண்டியவை மூன்று. வோல்ட்டேஜ் டிடெக்டர் 6.6 கேவி வரம்புக்குள் வருவதாகவும், கூடவே அதைச் சோதிக்கும் புரூவிங் யூனிட்டும் இருக்க வேண்டும். ரப்பர் கையுறை வகுப்பு 1 என்றால் 7.5 கேவி வரை, வகுப்பு 2 என்றால் 17 கேவி வரை, 6.6க்கு வகுப்பு 1 போதும் என்றாலும் வகுப்பு 2 வைத்துக்கொள்வதே நல்லது. கடைசியாகச் சோதித்த தேதி ஆறு மாதத்தைத் தாண்டியிருந்தால் ஒதுக்கி வையுங்கள். போடும் முன் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டிலிருந்து சுருட்டி, காற்றை விரல்களுக்குள் தள்ளி, கன்னத்தருகே பிடித்துப் பாருங்கள். ஊசித் துளை இருந்தால் காற்று கன்னத்தில் படும். மூன்றாவது, போர்ட்டபிள் எர்த் செட்: கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ, இழைகள் அறுந்திருந்தாலோ அந்த செட் வேண்டாம்.

பேனல் பக்கம்: பிரித்து, பூட்டி, எர்த் செய்வது

1. மோட்டாரை முறைப்படி நிறுத்துங்கள். பம்ப் என்றால் டெலிவரி வால்வு, ஃபேன் என்றால் டாம்பர், இரண்டும் மூடிப் பூட்டப்பட வேண்டும். நான்-ரிட்டர்ன் வால்வு கசிந்தால் மேலே நிற்கும் தண்ணீர் பம்பைப் பின்னோக்கிச் சுற்றும். டெர்மினலில் கெப்பாசிட்டர் இருந்து, ரோட்டரும் வேகமாகச் சுற்றினால் இண்டக்ஷன் மோட்டாரும் வோல்ட்டேஜ் உற்பத்தி செய்யும். ஷாஃப்ட் நின்றதைக் கண்ணால் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.

2. பிரேக்கர் திறந்ததை மூன்று விதமாக உறுதி செய்யுங்கள்: மெக்கானிக்கல் கொடி (பிரேக்கர் ஆன், ஆஃப் என்று காட்டும் அடையாளம்), விளக்கு, மூன்று ஃபேஸ் ஆம்பியரும் பூஜ்யம். ஏதாவது ஒரு ஃபேஸில் ஆம்பியர் தொடர்ந்து காட்டினால் வேக்குவம் பாட்டிலில் கான்டாக்ட் பிரியவில்லை என்று அர்த்தம். அந்த பிரேக்கரை வெளியே இழுக்கவே கூடாது; இன்கமர் பிரேக்கரை (முழு பஸ்ஸுக்கும் சப்ளை தருவது) திறந்து முழு பஸ்ஸையும் நிறுத்துங்கள்.

3. பிரேக்கரை ராக் அவுட் செய்யுங்கள் (ஹேண்டிலால் சுற்றி பஸ்பாரிலிருந்து வெளியே இழுப்பது), சர்வீஸ் நிலையிலிருந்து டெஸ்ட் நிலைக்கும் அங்கிருந்து ஐசொலேட் நிலைக்கும். கதவு மூடியபடி ஹேண்டில் போட வசதியிருந்தால் கதவைத் திறக்காதீர்கள். பேனலுக்கு நேரெதிரே நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நில்லுங்கள். பேனலில் ஒட்டிய ஆர்க் ஃபிளாஷ் லேபிள் கேட்கும் உடையை இந்தக் கட்டத்தில் போட்டிருக்க வேண்டும். வேலை முழுவதிலும் ஆர்க் வெடிக்க அதிக வாய்ப்புள்ள நேரம் ராக்கிங்தான். ஹேண்டில் இறுகினால் பலம் போடாமல் ஏன் என்று பாருங்கள். இன்டர்லாக் தடுக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கும்.

4. பிரேக்கரின் ஸ்பிரிங்கை டிஸ்சார்ஜ் செய்யுங்கள், கன்ட்ரோல் டிசியை ஆஃப் செய்யுங்கள். சார்ஜ் ஆன ஸ்பிரிங் தவறித் தட்டினால் விரலை எடுத்துவிடும், கரண்டே தேவையில்லை.

5. ஷட்டர் (பிரேக்கர் வெளியே வந்ததும் உள்ளிருக்கும் கான்டாக்ட்களை மறைக்கும் தகடு) முழுக்க மூடியிருக்கிறதா பார்த்து, பஸ்பார் ஷட்டரில் பூட்டுப் போடுங்கள்.

6. பட்டியலில் உள்ள ஹீட்டர், எண்ணெய் பம்ப், கன்ட்ரோல் சப்ளைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பூட்டுங்கள். வேலை செய்யும் ஒவ்வொருவரும் தன் சொந்தப் பூட்டைப் போட வேண்டும், சாவி அவரவர் பையில். மெக்கானிக்கல் ஃபிட்டருக்கும் இது பொருந்தும். "எங்க பூட்டு இருக்குல்ல, போதும்" என்று அவரை விட்டுவிடாதீர்கள்.

7. எர்த் செய்யுங்கள். பேனலிலேயே எர்த் ஸ்விட்ச் இருந்து, அது ஷார்ட் சர்க்யூட்டில் மூடினாலும் தாங்கும் வகையாக இருந்தால், கதவை மூடிக்கொண்டு அதை மூடுவதுதான் இருப்பதிலேயே பாதுகாப்பான வழி. தாங்காத வகையாக இருந்தால், டிடெக்டரால் சோதித்த பிறகே மூட வேண்டும். கேபிளில் வோல்ட்டேஜ் இருப்பதைக் காட்டும் மூன்று சின்ன விளக்கு பேனல் முகப்பில் எரிகிறதா என்பது தகவல் மட்டுமே. விளக்கு எரியவில்லை என்பதை ஆதாரமாக எடுக்காதீர்கள், பல்பு போயிருக்கலாம்.

எர்த்திங் டிரக் பயன்படுத்தும் பழைய போர்டுகளில் கூடுதல் கண் வேண்டும். ஒரு டிரக் கேபிள் பக்கத்தை எர்த் செய்யும், இன்னொன்று பஸ்பார் பக்கத்தை. தவறான டிரக்கை உள்ளே தள்ளினால் உயிருள்ள பஸ்பாரை நேராகப் பூமியில் கட்டியதாகிவிடும். இரண்டு டிரக்கும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒரே மூலையில் நிறுத்தி வைத்திருப்பார்கள். டிரக்கின் மேல் எழுதியிருப்பதை உரக்க வாசியுங்கள், கூட இருப்பவர் சீட்டில் உள்ளதை உரக்க வாசிக்கட்டும். இரண்டும் ஒத்துப் போனால்தான் தள்ள வேண்டும்.

8. எர்த் ஸ்விட்சையும் பூட்டி, பர்மிட்டில் (வேலை அனுமதிச் சீட்டில்) எழுதுங்கள். எந்த இடத்தில் எத்தனை எர்த், எத்தனை பூட்டு என்று எண்ணாகவே எழுத வேண்டும். மின்வாரியத்தில் லைன் கிளியர் (லைனை நிறுத்திக் கொடுக்கும் அனுமதி) வாங்கும்போது இருக்கும் அதே ஒழுங்கு ஆலைக்குள்ளும் வேண்டும்: கொடுத்தவர் கையெழுத்து, வாங்கியவர் கையெழுத்து, நேரம்.

மோட்டார் பக்கம்: பாக்ஸைத் திறப்பது

மோட்டாரின் நேம் பிளேட் எண்ணையும் கேபிள் டேக் எண்ணையும் பர்மிட்டோடு ஒப்பிடுங்கள். ஒரே ஹாலில் ஒரே மாதிரி இரண்டு ஃபேன் மோட்டார், ஏ, பி என்று நின்றால், நிறுத்தியது ஏ, திறப்பது பி என்று ஆகிவிடும்.

பாக்ஸ் கவரைத் திறந்ததும் வெறும் டெர்மினலில், மூன்றிலும் டிடெக்டரை வையுங்கள். வைக்கும் முன் புரூவிங் யூனிட்டில் டிடெக்டர் கத்துகிறதா, வைத்து முடித்த பின் மறுபடி கத்துகிறதா என்று இரண்டு முறையும் பாருங்கள். இடையில் பேட்டரி போன டிடெக்டரும் "லைன் இல்லை" என்றுதான் சொல்லும். கேபிளின் வெளித்தோலில் டிடெக்டரை வைத்துப் பார்ப்பது அறவே பயனற்றது. 6.6 கேவி கேபிளில் செம்புத் திரை சுற்றியிருக்கும், அது மின்புலத்தை வெளியே விடாது. உள்ளே முழு வோல்ட்டேஜ் இருந்தாலும் மேலே ஒன்றும் தெரியாது. டெர்மினலில் ரப்பர் பூட் மாட்டியிருந்தால் அதையும் இன்சுலேட்டட் ராடால் விலக்கிவிட்டே பார்க்க வேண்டும்.

கெப்பாசிட்டர் இருந்தால் காத்திருங்கள். உயர் அழுத்தக் கெப்பாசிட்டர்களின் உள்ளே இருக்கும் ரெசிஸ்டர் பத்து நிமிடத்தில் வோல்ட்டேஜை 75க்குக் கீழ் இறக்க வேண்டும் என்பது தர விதி. அந்த ரெசிஸ்டர் அறுந்திருந்தால்? அதனால்தான் பத்து நிமிடம் கழிந்த பின்னும் டிஸ்சார்ஜ் ராடு வைத்து இறக்குகிறோம்.

பிறகு போர்ட்டபிள் எர்த். முதலில் பூமி முனையை மாட்டுங்கள், அப்புறம் ராடால் மூன்று ஃபேஸும். எடுக்கும்போது தலைகீழ்: ஃபேஸ்கள் முதலில், பூமி கடைசியில். வரிசை மாறினால், எங்கிருந்தாவது வோல்ட்டேஜ் வரும்போது எர்த் ஒயர் பூமியோடு இல்லாமல் உங்கள் கையோடு இருக்கும்.

கழற்றுவது

முதலில் போட்டோ: பாக்ஸ் முழுதும் ஒன்று, ஒவ்வொரு லக்கும் (கேபிள் முனையில் இருக்கும் உலோகக் கொண்டி) அருகில் ஒன்று, நியூட்ரல் பாக்ஸ் இரண்டு பக்கமிருந்து. கேபிளின் ஆர், ஒய், பி எந்த யு, வி, டபிள்யூவில் இருக்கிறது என்று தாளிலும் எழுதுங்கள். நிற டேப்பை மட்டும் நம்ப வேண்டாம். வெயிலிலும் சூட்டிலும் சிவப்பும் மஞ்சளும் ஒரே பழுப்பாகிவிடும். எண் அச்சிட்ட ஸ்லீவ் மாட்டுங்கள்.

நட்டைக் கழற்றும்போது இரண்டு ஸ்பேனர். முன் நட்டைத் திருப்பும் கை ஒன்று, பின் நட்டை அசையாமல் பிடிக்கும் கை ஒன்று. ஒரே ஸ்பேனரில் இழுத்தால் ஸ்டட்டும் கூடவே திரும்பும். வைண்டிங் லீட் உள்ளே முறுக்கிக்கொள்ளும், பீங்கான் புஷிங்கில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். மோட்டார் வெளியே போகும்வரை யாருக்கும் தெரியாது. திரும்ப ஓட்டும்போது எர்த் ஃபால்ட் அடிக்கும், பழி ரீவைண்டிங் கடைக்காரர் மேல் விழும்.

லக் வெளியே வந்ததும் கேபிளின் மூன்று கோரும் ஒன்றாகச் சேர்ந்து எர்த்தில் இருக்க வேண்டும். அதாவது போர்ட்டபிள் எர்த்தை லக்குகளுக்கு மாற்றி மாட்ட வேண்டும். மாற்றுகிற அந்தச் சில நிமிடங்களுக்கு பேனல் பக்க எர்த் காவல். கேபிளை வளைக்கும்போது அவசரம் வேண்டாம். பல கோர் கேபிளை வெளிவிட்டத்தின் 12 மடங்கு ஆரத்துக்குக் குறையாமல் வளைப்பது வழக்கம், 75 மி.மீ. விட்டம் என்றால் 900 மி.மீ. வேண்டும். கோர்கள் பிரியும் கவட்டைப் பகுதியில் அழுத்தம் விழாதபடி மரக்கட்டை அல்லது கயிற்றால் தாங்கல் கொடுங்கள். லக்குகள் மேல் பாலிதீன் சுற்றி டேப் ஒட்டி, பாக்ஸின் திறந்த வாயைத் தகடு வைத்து மூடுங்கள்.

நியூட்ரல் பாக்ஸில் சிடி ஒயரைக் கழற்றும் முன், பேனலில் அந்த சிடிக்கான ஷார்ட்டிங் லிங்கை (சிடியின் முனைகளை ஒன்றாகச் சேர்க்கும் இணைப்பு) போடுங்கள். எந்த லிங்கை எப்போது போட்டீர்கள் என்று எர்த் கணக்கு எழுதும் அதே தாளில் எழுதுங்கள்.

மோட்டார் உடலின் இரண்டு எர்த் பட்டைகளும் கடைசியாகக் கழற்ற வேண்டியவை. இணைக்கும்போது அவைதான் முதலில். அடியில் இருக்கும் ஷிம்களை (உயரத்தைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) நான்கு காலுக்கும் தனித்தனியாகக் கட்டி எண் எழுதி வையுங்கள். எலெக்ட்ரீஷியன் வேலை இல்லைதான், ஆனால் அலைன்மென்ட் தவறி பேரிங் சூடானால் முதல் போன் உங்களுக்குத்தான் வரும்.

இணைக்கும் முன் மெகர்

மோட்டார் திரும்பி வந்து, இடத்தில் உட்கார்ந்து, கேபிள் இணைக்காத நிலையில் மெகர் கருவியால் இன்சுலேஷன் சோதனை. 6.6 கேவி வைண்டிங்குக்கு 2500 முதல் 5000 வோல்ட் டிசி. சோதிக்கும்போது ஆர்டிடி ஒயர்கள் எல்லாம் ஷார்ட் செய்யப்பட்டு எர்த்தில் இருக்கட்டும். சர்ஜ் கெப்பாசிட்டர், அரெஸ்டர் இருந்தால் பிரித்து வையுங்கள். கேபிளைச் சோதிக்க எர்த்தை எடுக்க வேண்டியிருக்கும். அதற்கு வேலை பர்மிட்டை நிறுத்தி வைத்து, சோதனைக்குத் தனி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வேலையும் சோதனையும் ஒரே சீட்டில் ஓடினால், ஒருவர் லக்கைப் பிடித்திருக்கும்போது இன்னொருவர் 5000 வோல்ட் விடுவார்.

1970க்குப் பின் செய்த, முன்கூட்டியே வடிவமைத்த சுருள் (ஃபார்ம் வவுண்ட்) கொண்ட உயர் அழுத்த மோட்டாருக்கு ஒரு நிமிட அளவு, 40 டிகிரிக்குத் திருத்தியபின், குறைந்தது 100 மெகா ஓம். வைண்டிங் சூடு 10 டிகிரி குறைந்தால் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே 30 டிகிரியில் 800 மெகா ஓம் வந்தால் கணக்கில் 400. பத்தாவது நிமிடம் 2000 வந்தால், 2000ஐ 800ஆல் வகுத்து 2.5, இதுதான் போலரைசேஷன் இண்டெக்ஸ். 2க்குக் குறையக் கூடாது. முதல் நிமிடம் 90, பத்தாவது நிமிடம் 108 என்று வந்தால் 1.2, ஈரமோ தூசியோ ஏறியிருக்கிறது, ஹீட்டர் போட்டு மெதுவாக உலர்த்துங்கள். உலர ஆரம்பிக்கும்போது அளவு முதலில் இறங்கும், பிறகுதான் ஏறும். இறங்குவதைப் பார்த்துப் பதறி நிறுத்திவிடாதீர்கள். ஒரு நிமிட அளவே 5000 மெகா ஓமுக்கு மேல் இருந்தால் இண்டெக்ஸுக்கு அர்த்தமில்லை, விட்டுவிடலாம்.

சோதனை முடிந்ததும் வைண்டிங்கை எர்த்தில் கட்டி, சார்ஜ் ஏற்றிய நேரத்தைப் போல நான்கு மடங்கு விட வேண்டும். பத்து நிமிட சோதனைக்கு நாற்பது நிமிடம். ஒரு தடவை பொறி வந்துவிட்டது, போதும் என்று எர்த்தை எடுத்தால், இன்சுலேஷனுக்குள் தங்கிய சார்ஜ் மெல்ல மேலே வந்து மறுபடி அடிக்கும். நீண்ட கேபிளிலும் இதே கதை. பல வருடம் ஓடிய எக்ஸ்எல்பிஇ கேபிளில் உயர் டிசி ஹைபாட் (உயர் வோல்ட்டேஜ் தாங்குதல் சோதனை) வேண்டாம், இன்சுலேஷனைக் கெடுக்கும். வேண்டுமென்றால் குறைந்த அதிர்வெண் ஏசி சோதனை.

இணைப்பது

முதலில் உடல் எர்த் இரண்டும். பிறகு லக்.

அலுமினியக் கேபிள், செம்பு ஸ்டட் என்றால் இரட்டை உலோக லக் வேண்டும். அலுமினிய லக்கை நேரடியாகச் செம்பில் கட்டினால் ஈரம் பட்டதும் அரிப்பு தொடங்கும், தொடர்பு தளரும், சூடேறும். பழைய லக்கின் முகத்தைப் பாருங்கள்: நீலமோ கருப்போ படர்ந்திருந்தால் அது சூடான லக், வெட்டிப் புதிது போட வேண்டும். கேபிளில் உபரி நீளம் இருக்கிறதா என்று கழற்றும்போதே பார்த்து வைத்தவர் இங்கே நிம்மதியாக இருப்பார். லக் முகமும் டெர்மினல் முகமும் நேருக்கு நேர் தொட வேண்டும். இடையில் வாஷர் கூடாது. வாஷரின் இடம் நட்டுக்கு அடியில்தான். இடையில் வைத்த ஒரு ஸ்டீல் வாஷர் முழுக் கரண்டையும் தன் வழியே விட்டுச் சிவந்து போகும்.

முறுக்கு அளவை மோட்டார் கையேட்டிலிருந்து எடுங்கள். ஸ்டீல் போல்ட்டுக்கான அட்டவணையைப் பித்தளை ஸ்டட்டுக்குப் போட்டால் ஸ்டட் அறுந்துவிடும். டார்க் ரெஞ்சைக் 'கிளிக்' வரை இழுத்து, மார்க்கரால் நட்டிலிருந்து ஸ்டட் வரை ஒரு கோடு. இங்கேயும் இரண்டு ஸ்பேனர்தான்.

டெர்மினல்களுக்கு நடுவிலும், உடலுக்கும் டெர்மினலுக்கும் நடுவிலும் வெறும் உலோகத்திலிருந்து வெறும் உலோகத்துக்கு 6.6 கேவியில் 90 மி.மீ. காற்று இடைவெளி குறைந்தது வேண்டும். 11 கேவி என்றால் 120. லக் சற்றே சாய்ந்தாலும் இந்த 90, 70 ஆகிவிடும். ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். இடமில்லாவிட்டால் பூட், ஹீட் ஷ்ரிங்க் கொண்டு மூட வேண்டும்.

அதிகம் தவறுவது பேனல் அடியில் இருக்கும் கோர் பேலன்ஸ் சிடி (மூன்று கோரையும் சேர்த்துச் சூழ்ந்து எர்த் ஃபால்ட்டைக் கண்டறியும் வளையம்). கேபிள் அந்த வளையம் வழியாகப் போகிறது. கேபிள் திரையின் எர்த் ஒயர் வளையத்துக்கு மேலே பிரிந்தால், அதை மறுபடி வளையத்துக்குள் கீழ்நோக்கிக் கொண்டுவந்து பிறகுதான் எர்த் பாரில் கட்ட வேண்டும். அப்படிச் செய்தால்தான் திரையில் ஓடும் கரண்ட் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். நேராகக் கட்டினால் கேபிளில் எர்த் ஃபால்ட் வந்தாலும் ரிலே முழு அளவைப் பார்க்காது. வேறு ஃபீடர் ஃபால்ட்டில் காரணமே இல்லாமல் டிரிப் ஆகவும் செய்யும். அதே நேரம் எர்த் ஒயரை எதிர்த்திசையில் விட்டால் நிலைமை இன்னும் மோசம். கேபிள் முனையைப் புதிதாகச் செய்திருந்தால் இந்த இடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

நியூட்ரல் சிடி வழியாக லீட் போகும் திசை போட்டோவில் இருந்தபடியே இருக்க வேண்டும். ரீவைண்டிங்கில் நியூட்ரல் லீட் மாறிப் போயிருந்தால் டிஃபரன்ஷியல் ரிலே ஸ்டார்ட்டிலேயே அடிக்கும். ஆர்டிடிகளை மீட்டரில் பாருங்கள்: பிடி-100 என்றால் 30 டிகிரியில் 111.7 ஓம் அளவுக்கு வர வேண்டும்.

எர்த் எடுப்பது, சார்ஜ் செய்வது

பாக்ஸ் மூடும் முன் உள்ளே ஸ்பேனர், துணி, நட் எதுவும் இல்லை என்று இரண்டு பேர் பாருங்கள். காஸ்கெட் புதிது. மோட்டார் பக்க எர்த்தை எடுத்துவிட்டுப் பாக்ஸை மூடி, பர்மிட்டைத் திருப்பிக் கொடுங்கள். அதன்பின் கேபிளும் மோட்டாரும் உயிரோடு இருப்பதாகவே நடத்த வேண்டும்; "ஒரே ஒரு போல்ட், மறந்துட்டேன்" என்று மறுபடி கை வைக்கக் கூடாது. புது பர்மிட்.

கணக்கைக் கூட்டுங்கள்: போட்ட எர்த் எத்தனை, வந்தது எத்தனை, பூட்டு எத்தனை, சிடி ஷார்ட்டிங் லிங்க் எடுத்தாயிற்றா. கடைசியாகச் சொன்னதுதான் அதிகம் மறப்பது. லிங்க் போட்டபடியே ஓட்டினால், ரிலேயின் வகையைப் பொறுத்து டிஃபரன்ஷியல் குருடாக இருக்கும் அல்லது ஸ்டார்ட்டிலேயே தவறாக அடிக்கும். மாறாக, சிடி ஒயரை இணைக்காமல் திறந்து விட்டிருந்தால், ஓட ஆரம்பித்ததும் அந்த முனைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பி சிடி வெடிக்கலாம்.

எல்லாம் சரியென்றால் எர்த் ஸ்விட்சைத் திறந்து, பிரேக்கரை முதலில் டெஸ்ட் நிலையில் வையுங்கள். அங்கே ஆன் செய்து, எமர்ஜென்சி புஷ் பட்டன், ரிலே, பேரிங் சூடு என்று ஒவ்வொரு டிரிப்பும் பிரேக்கரைத் திறக்கிறதா பாருங்கள். பிரேக்கர் ஆன் ஆகும்போது ஹீட்டர் ஆஃப் ஆகிறதா என்பதும் இதே நேரத்தில். பிறகே சர்வீஸ் நிலை.

முதல் ஓட்டம் கப்ளிங் கழற்றிய நிலையில். செங்குத்துப் பம்பில் இது கட்டாயம்: ஷாஃப்ட் துண்டுகள் மரையால் இணைந்திருக்கும் பம்ப் ஒன்றைத் தலைகீழாக ஒரு நொடி சுற்றினால் மரை கழன்று ஷாஃப்ட் மேலே தள்ளும். பிரேக்கரை மூடி, ரோட்டர் அசைந்ததும் திறந்து, திசையைப் பாருங்கள். தப்பாக இருந்தால் முழுப் பிரிப்பு, எர்த், பர்மிட் எல்லாம் மறுபடி. இரண்டு ஃபேஸை மாற்ற வேண்டும். மோட்டாரின் சொந்தக் காற்றாடிக்கும் திசை அம்புக்குறி இருக்கும், லோடுக்கு மட்டுமல்ல.

திசை சரியென்றால் நோ-லோடில் ஒரு மணி நேரம். இந்த மோட்டாரில் மூன்று ஃபேஸிலும் சுமார் 30 ஆம்பியர் சமமாக வர வேண்டும். பேரிங் சூடு ஏறி ஒரு இடத்தில் நிலைக்கும்வரை குறித்துக்கொண்டே இருங்கள்.

ஸ்டார்ட் ஆகாமல் டிரிப் ஆனால்

ரீசெட் செய்து மறுபடி போடும் முன் ரிலேயின் கொடியை வாசித்து எழுதுங்கள். மூடிய அதே நொடியில் டிஃபரன்ஷியல் என்றால் முதல் சந்தேகம் சிடி போலாரிட்டி. எர்த் ஃபால்ட் என்றால் பேனலிலிருந்தே கேபிளையும் மோட்டாரையும் சேர்த்து மெகர், பிறகு கோர் பேலன்ஸ் சிடியில் திரை ஒயர். அன்பேலன்ஸ் என்றால் லக்கோ ஸ்டார் லிங்கோ (நியூட்ரல் முனைகளைச் சேர்க்கும் பட்டை) தளர்வு. இன்ஸ்டன்டேனியஸ் ஓவர் கரண்ட் அடித்து, மெகர் நன்றாக இருந்தால், செட்டிங் ஸ்டார்ட்டிங் கரண்டுக்கு மேல் இருக்கிறதா பாருங்கள். நேரடி ஸ்டார்ட்டில் இந்த மோட்டார் முழு லோடின் ஆறு மடங்கு வரை, 630 ஆம்பியர் அளவுக்கு இழுக்கும்.

எண்ணிக்கையும் உண்டு. பொதுவாகக் குளிர்ந்த மோட்டாருக்கு அடுத்தடுத்து இரண்டு ஸ்டார்ட், சூடான மோட்டாருக்கு ஒன்று. திசை பார்க்க மூடித் திறந்ததையும் ஒன்றாக எண்ணுங்கள். அதற்குமேல் வேண்டுமென்றால் கையேடு சொல்லும் நேரம்வரை ஆற விடுங்கள். ரோட்டர் பார்கள் சூடேறுவதை ஸ்டேட்டரில் இருக்கும் ஆர்டிடி காட்டாது.